ப்ரூனோ அப்பா

சென்னையில் எந்த அடுக்ககத்துக்குப் போனாலும் ஒரு ப்ரூனோ அப்பா இருப்பார். சொந்தப் பெயர் மெயின்டனன்ஸ் ரசீதில் மட்டும் இருக்கும். மற்றபடி வாட்ச்மேன் முதல் செகரெட்டரி வரை எல்லாருக்கும் அவர் ப்ரூனோ அப்பாதான். "உங்க நாய்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். "பையன்" என்று சொல்ல வேண்டும்.

பேலியோ அலை அடித்தபோது அரிசியைத் துறந்தவர் இவர். தான் விட்டதைப் பையன் மட்டும் தின்னலாமா? அவனுக்கும் தானியமே இல்லாத தீனியாக வரவழைத்தார். "ஓநாய் வம்சம் சார். ஓநாய் என்ன வயல்லயா மேயுது?" என்பார். 2018 ஜூலையில், பட்டாணியும் பருப்பும் நிறைந்த தீனிகளுக்கும் நாய்களின் இதய வீக்கத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. விசாரிக்கிறது என்ற செய்தி வந்ததுதான் தாமதம், ராத்திரியோடு ராத்திரியாகக் கட்சி மாறிவிட்டார். 2022 கடைசி வரை பார்த்தும் இதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. அது அவர் காதில் ஏறவில்லை. இப்போது ஓட்ஸ், பார்லி, பழுப்பரிசி கட்சி. ஓநாய் என்ன ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள். "2013லயே 'நேச்சர்' பத்திரிகைல வந்தாச்சு சார். மாவுச்சத்தைச் செரிக்கிற ஜீன் ஓநாய்க்கு ரெண்டு பிரதிதான். நாய்க்கு எக்கச்சக்கம். மனுஷங்க கூடவே சோறு தின்னு வளர்ந்தவன்!" சொல்பவர், சோற்றை விட்ட மனுஷர்.

அதிலும் சாதாரணக் குருணைத் தீனி ஆகாது. நீர் நீக்கிய, வெந்நீர் ஊற்றிக் கிளறுகிற வகைதான் வேண்டும். அதை அவர் தேர்ந்தெடுக்கும் அழகைப் பார்க்க வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பாக்கெட்டை மூக்கோடு ஒட்டிப் பிடித்து, விரல் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்குவார். "சிக்கன் முதல்ல இருக்குன்னு ஏமாந்துடாதீங்க. எடை வரிசையிலதான் எழுதுவான். அரிசி, குருணை, தவிடுன்னு ஒண்ணையே மூணா உடைச்சிட்டா, மூணும் சிக்கனுக்குக் கீழ போயிடும்." எதிர் ஓட்டு மூன்றாகப் பிரிந்து, டெபாசிட் இழக்க வேண்டியவர் எம்.எல்.ஏ. ஆகிவிடுவாரே, அந்தக் கதைதான். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சத்தியம்.

லிஃப்ட்டில் மாட்டினால் கணக்குப் பாடம். "டின்ல புரோட்டீன் 10 சதவீதம், பாக்கெட்ல 25. எது உசத்தி?" நாம் 'பாக்கெட்' என்று சொல்லத்தான் காத்திருப்பார். "டின்ல 75 சதவீதம் தண்ணி சார்! தண்ணியக் கழிச்சா மிச்சம் 25ல 10. ஆக, 40 சதவீதம்!" மூன்றாவது மாடிக்காரர் ஒருவர் இப்போதெல்லாம் முதல் மாடியிலேயே இறங்கிக்கொள்கிறார்.

விலையைப் பற்றி மட்டும் பேசக் கூடாது. "ஒரு கிலோ, ஊறினா நாலு கிலோ சார்" என்று சீறுவார். ஊற்றுகிற மூன்று கிலோவும் கேன் தண்ணீர் என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தத் தண்ணீரும் கொதிக்கக் கூடாது, ஆறிப்போகவும் கூடாது. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். தராசு, டைமர் எல்லாம் உண்டு. ஊறியதும் ஒரு விரல் எடுத்துத் தானே நக்கிப் பார்த்து, "உப்பே இல்ல" என்று பெருமையாகச் சொல்வார். ஹாலில் அவருடைய காலை ஆம்லெட் ஆறி அவலாகியிருக்கும்.

போன மாதம் டாக்டர் பையனை எடை மேடையில் ஏற்றினார். ஐந்து கிலோ அதிகம். "வேற என்ன குடுக்கறீங்க?" வீட்டில் நடந்த விசாரணையில் கடைசியாகச் சிக்கியவர் வாட்ச்மேன். தினமும் வாக்கிங்கின்போது தெருமுனை டீக்கடையில் அன்போடு இரண்டு பொறை வாங்கிப் போட்டிருக்கிறார். ப்ரூனோ அப்பா நேராகக் கடைக்கே போய்விட்டார். பொறை ஜாடியைத் தூக்கி, அடியைத் திருப்பி, மூடியைக் கழற்றிப் பார்த்தார். லேபிள் எங்கும் இல்லை.

"இது மைதாவா, முழு கோதுமையா? ஈரப்பதம் எவ்வளவு?"

"ஈரமா? சேச்சே, நேத்து வந்ததுகூட கல்லு மாதிரி இருக்கும் சார். தொட்டுக்க டீ போடட்டுமா?"