கடல் இல்லாத ஊரில் கப்பல் படிப்பு

1701ஆம் வருஷம் மாஸ்கோக்காரன் ஒருவன் கடலில் கால் நனைக்க ஆசைப்பட்டால், வடக்கே ஆர்க்காங்கெல்ஸ்க் போகலாம், இல்லாவிட்டால் தெற்கே அசோவ். எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். இந்த மாஸ்கோவில்தான் அந்த வருஷம் ஜனவரியில் ரஷ்யாவின் முதல் மாலுமிப் பள்ளிக்கு ஆணை போட்டார் ஜார் பீட்டர். பீட்டர்ஸ்பர்க்கில் வைத்திருக்கலாமே என்று கேட்கக்கூடாது. அந்த ஊரே இன்னும் பிறக்கவில்லை. அதற்கு 1703 வரை பொறுக்க வேண்டும்.

மனுஷனுக்குக் கடல் பைத்தியம் பிடித்ததே தரையில்தான். போகாமலே தூரத்தை அளக்கும் கருவி ஒன்று உண்டு என்று பிரபு ஒருவர் காதில் போட, பிரான்சிலிருந்து வாங்கி வரச் சொன்னார். அஸ்ட்ரோலேப் வந்தது. அதை எப்படிப் பிடிப்பது என்று வாங்கி வந்தவருக்கே தெரியவில்லை. கடைசியில் ஒரு டச்சுக்காரர் பிடித்துக் காட்டினார். 1688ல் பழைய சாமான் கொட்டகை ஒன்றில் மட்கிக் கிடந்த ஒரு படகு கண்ணில் பட்டது. அதைப் பழுது பார்த்து ஆற்றில் விட்டால், இந்தக் கரையில் ஒரு இடி, அந்தக் கரையில் ஒரு இடி. நிஜக் கடலைப் பார்த்தபோது அவருக்கு வயது 21.

தான் பெற்ற இன்பத்தை வையகத்துக்குக் கொடுத்தே தீருவார் போலிருந்தது. 1697ல் அரண்மனைப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, சொந்தச் செலவில் வெளிநாடு போய்க் கப்பலோட்டக் கற்று, சான்றிதழோடு திரும்பும்படி விரட்டினார். அந்த இளவட்டக் கூட்டத்தில் பியோத்தர் டால்ஸ்டாய் என்பவரும் இருந்தார். வயது 52. யாரும் கூப்பிடாமல் தானாகவே பெயர் கொடுத்தவர். பழைய அதிகாரச் சண்டையில் பீட்டருக்கு எதிர்க்கட்சியில் நின்ற பாவத்தை எப்படியாவது கழுவ வேண்டாமா? வெனிஸ் போய் அலையில் ஆடி, சான்றிதழும் வாங்கிவிட்டார். பின்னாளில் தடித்தடி நாவல்கள் எழுதிய டால்ஸ்டாய் இந்த வம்சம்தான்.

பீட்டரும் சும்மா இருக்கவில்லை. பொய்ப் பெயரில் ஆம்ஸ்டர்டாம் போய்த் தச்சு வேலை பார்த்தார். 1698ல் லண்டன் பக்கம் டெப்ட்ஃபோர்டில் ஜான் ஈவ்லின் என்ற எழுத்தாளரின் வீட்டில் தங்கினார். அவர் ஆசை ஆசையாய் வளர்த்த முள்வேலிக்குள் தள்ளுவண்டியை விட்டு விளையாடியதாகப் பெயர். சேதக் கணக்கு 350 பவுண்டு. வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் கவனிக்கவும்.

அங்கிருந்து பிடித்து வந்த வாத்தியார்கள் மூன்று பேர். ஃபார்கர்சன் என்ற ஸ்காட்லாந்துக் கணக்குப் புலி ஒருவர். மற்ற இருவரும் லண்டன் பள்ளியிலிருந்து நேரே வந்த, இருபதைத் தொடாத பையன்கள். மாஸ்கோவில் பள்ளியை சுகாரெவ் கோபுரத்தில் ஏற்றி உட்கார வைத்தார்கள். உயரமான இடம், வானம் பார்க்கத் தோது. அங்கே வானம் பார்க்கும் ஜேகப் புரூஸ் என்பவர் ராத்திரியில் பில்லி சூனியம் செய்கிறார் என்று தெருவில் பேச்சு. மேலே படிக்கிற பையன் சூரியனின் உயரத்தை அளக்கக் கருவியைத் தூக்கினால், எதிரே அடிவானத்தில் அலைக்குப் பதில் வெங்காயக் கோபுரங்கள், புகைபோக்கிகள். அந்தக் கூரைகளை நடுக்கடலென்று நம்பிக் கணக்கைப் போட வேண்டும்.

வாத்தியார்களின் லட்சணத்தை மேலிடத்துக்கு எழுதிப்போட்டவர் பள்ளியைக் கவனித்த குர்பாதோவ். வெள்ளைக்கார வாத்தியார்கள் கேளிக்கை முடிந்து நெடுநேரம் தூங்கிவிடுகிறார்களாம், உழைக்கிறவர் உள்ளூர் மாக்னிட்ஸ்கி ஒருவரே என்று புகார். அந்த மாக்னிட்ஸ்கி 1703ல் ஒரு கணக்குப் புத்தகமே போட்டார். கூட்டல் கழித்தலில் தொடங்கிக் கப்பலோட்டும் கணக்கு வரை எல்லாம் அதில் இருந்தது.

பிள்ளைகள் மட்டம் போட்டால் முதல் நாளுக்கு 5 ரூபிள், இரண்டாம் நாளுக்கு 10, அப்புறம் 15. 1715ல் புதுத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கில் திறந்த கடற்படைக் கழகத்தில் அபராதத்தோடு நிற்கவில்லை. வகுப்புக்கு ஒரு பழைய சிப்பாய், கையில் சாட்டை. குறும்பு செய்பவன் எந்தப் பிரபு வீட்டுப் பிள்ளையானாலும் விளாச உத்தரவு. இதற்கெல்லாம் மேலே 1714ல் ஒரு குண்டு: கணக்கும் வடிவியலும் தேறிய சான்றிதழ் இல்லாத பிரபு குலத்துப் பையனுக்குப் பாதிரியார் கல்யாணம் செய்து வைக்கக் கூடாது. ஜாதகம் பொருந்தினால் போதாது, முக்கோணமும் பொருந்த வேண்டும்!

வெளிநாட்டில் படிக்கப் போன பிரபு ஒருவன் ஒன்றும் கற்காமல் திரும்ப, கூடப் போன கல்மிக் இன வேலைக்காரன் எல்லாம் கற்றுத் தேறினான் என்றும், பீட்டர் வேலைக்காரனை அதிகாரியாக்கி எஜமானை அவனுக்குக் கீழே மாலுமியாகப் போட்டார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, நடந்திருக்க வேண்டிய கதை.

கோபுரத்தில் கூரைகளைக் கடலாகப் பாவித்துப் படித்த பையன்களில் அலெக்சேய் சிரிக்கோவ் ஒருவர். பிறகு பீட்டர்ஸ்பர்க் கழகத்திலும் படித்தார். 1741 ஜூலையில் பசிபிக்கைக் கடந்து அலாஸ்காக் கரையைக் கண்டார். மேலதிகாரி பெரிங் இன்னொரு கப்பலில் வந்து அதே நாட்டைக் கண்டது மறுநாள்தான். கடலுக்கு என்ன பெயர்? பெரிங் கடல். நீரிணைக்கு? பெரிங் நீரிணை. சிரிக்கோவ் பெயரில் அலாஸ்கா ஓரமாக ஒரு தீவு இருக்கிறது. வரைபடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.