தாத்தா குடத்தில் ஓட்டை

சித்தூர், திருப்பதிப் பக்கத்து லீக்கேஜ் சரித்திரத்தின் முதல் கேஸ் ஆயிரம் வருஷத்துப் பழசு. பாதிக்கப்பட்டவர் பெரிய திருமலை நம்பி. லேசுப்பட்ட ஆளில்லை. ராமானுஜருக்கே தாய்மாமா, மருமகனை ஒரு வருஷம் உட்காரவைத்து ராமாயணம் சொல்லிக்கொடுத்தவர்.

அப்பேர்ப்பட்டவரின் டூட்டி, தினமும் பாபவிநாச தீர்த்தத்திலிருந்து திருமலைப் பெருமாள் திருமஞ்சனத்துக்குக் குடத்தில் தண்ணீர் சுமப்பது. ஒருநாள் வழியில் ஒரு வேடப் பையன், "தாத்தா, தாகமா இருக்கு" என்றான். "சாமி தண்ணி, தரமுடியாது" என்று ரூல்ஸ் பேசிவிட்டு நம்பி நடையைக் கட்டினார். குகனைக் கட்டித் தழுவிய ராமன் கதையைக் கரைத்துக் குடித்தவர், வேடனுக்கு ஒரு மடக்கு கொடுக்கவில்லை!

பையன் பின்னாலேயே வந்து, அம்பால் குடத்தில் ஓட்டை போட்டு, ஒழுகியதைக் குடித்துவிட்டான். நம்பி புலம்பினார். உடனே மலைமேல் இன்னொரு அம்பு. பீறிட்டது ஆகாச கங்கை, கோயிலுக்கு இன்னும் கிட்டத்திலேயே. அந்த வேடன் யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஓட்டை போட்டவரே புது கனெக்‌ஷனும் கொடுத்து, சர்வீஸ் சார்ஜ் கேட்காமல் போனது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த கேஸ் எங்கள் வீட்டில், ஆனால் அதன் ஆரம்பம் 1868, லண்டன். பெஞ்சமின் வாடி மாகன் என்ற பெயின்டர், எரிவாயுவில் தண்ணீரைச் சுடவைக்கும் கருவி ஒன்றைச் செய்தார். ஐஸ்லாந்தில் பூமியைப் பிளந்து கொதிநீர் கக்கும் ஊற்றின் பெயரையே அதற்கு வைத்தார். என்ன தன்னம்பிக்கை! புகைபோக்கி மட்டும் வைக்கவில்லை. குளிக்கப் போனவர் திரும்பி வருவது அவரவர் ஜாதகம்.

அந்தப் பெயர்தான் ‘கீசர்’ என்று சித்தூரில் எங்கள் பாத்ரூமுக்கும் வந்து, போன மார்கழியில் சொட்ட ஆரம்பித்தது. அடியில் நீல பக்கெட், டப், டப். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த மாமா, எம்-சீலைப் பிசைந்துகொண்டு வால்வின் வாயை அடைக்கப் போனார். "லீக்கு காது சார்! காது!" என்று அலறினார் பிளம்பர். "என் காதுக்கு என்னப்பா?" என்றார் மாமா. தெலுங்கில் ‘காது’ என்றால் ‘அல்ல’.

பிளம்பர் சொன்னது சரி. 25 லிட்டர் தண்ணீர் 75 டிகிரிக்குச் சூடானால் அரை லிட்டர் போல வீங்கும். வந்த வழியே திரும்ப முடியாவிட்டால் சேஃப்டி வால்வில் சொட்டும், சொட்டத்தான் வேண்டும். அதை அடைத்தால் ஐஸ்லாந்து நம் வீட்டுக்கே வரும்.

ஹீட்டரை அணைத்து ஆறிய பிறகும் சொட்டுகிறதா? வால்வில் உப்பு அடைத்திருக்கலாம், இல்லை மேல்டாங்க் பிரஷர் அதிகம். குழாய் மறையில் கசிந்தால் டெஃப்லான் டேப் போதும். அடித்தட்டில் என்றால் கேஸ்கெட். உடம்பிலிருந்தே துருத் தண்ணீர் வந்தால்தான் டாங்க்குக்குச் சங்கு. போர் தண்ணீர் வீடுகளில், உள்ளேயிருக்கும் மக்னீசியக் கம்பியை வருஷத்துக்கொரு தடவை கழற்றிப் பாருங்கள். துரு டாங்க்கைத் தின்னாமல் இருக்கத் தன்னைத் தின்னக் கொடுக்கும் அப்பாவி அது.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் மெயினை அணையுங்கள். எம்-சீலை மாமா கண்ணில் காட்டாதீர்கள்.