பிள்ளையைக் கீழே இறக்கிவிடுங்கள்

தேர்தல் வந்துவிட்டால் குழந்தை மனநல ஆலோசனைகளும் கூடவே வந்துவிடுகின்றன. டிவியை அணையுங்கள், பிள்ளை முன்னால் கட்சிச் சண்டை போடாதீர்கள், பதற்றமாக இருந்தால் மூச்சை மெல்ல இழுத்து விடச் சொல்லுங்கள். நல்லது. சென்னைப் புறநகரான ஊரப்பாக்கத்தில் ஜிஎஸ்டி சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்கள் மூச்சை இழுத்தால் என்ன உள்ளே போகும் என்பதை விடுங்கள். டிவியை அணைத்தாயிற்று. தெருமுனை ஆட்டோவின் தலையில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கியை எந்த ரிமோட்டில் அணைப்பது?

2024 மக்களவைத் தேர்தலுக்கு இங்கே வாக்குப்பதிவு ஏப்ரல் 19. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 26 முதல் ஏப்ரல் 8 வரை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி சொல்கிறது. முக்கோணவியலோடு அந்த விதியையும் பிள்ளையே மனப்பாடம் செய்துகொள்ளட்டும். வேறு யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. இரவு பத்து மணிக்கு மைக் ஓயும். அப்புறம் உட்கார்ந்து படிக்கலாமே! நாளைய தூண்களுக்குத் தூக்கம் எதற்கு?

அதே ஆண்டு பிப்ரவரி 5 அன்று தேர்தல் ஆணையம் கறாராக ஓர் உத்தரவு போட்டது. பிரசாரத்தில் குழந்தைகளைக் கையில் தூக்கக் கூடாது, வண்டியில் ஏற்றக் கூடாது, கோஷம் போடவோ பாடவோ சின்னம் பிடிக்கவோ வைக்கக் கூடாது. கூடவே ஒரு சலுகை: பெற்றோரோடு வந்த பிள்ளை தலைவருக்குப் பக்கத்தில் சும்மா இருந்தால் அது விதிமீறல் ஆகாது. நம் ஆட்களுக்கு இது போதாதா? அடுத்த மாதமே, மார்ச் 18, கோவையில் பிரதமரின் ரோடு ஷோ. சீருடையில் பள்ளிப் பிள்ளைகள், சிலர் தெய்வ வேடத்தில். வழக்கு பாய்ந்தது பள்ளியின் மேல். யாருக்காக அந்த வேடமோ, அவர்களுக்கு ஒன்றுமில்லை.

ஆட்சி மாறினாலும் அடி பிள்ளைகளுக்குத்தான். 2011இல் சமச்சீர்க் கல்விப் புத்தகங்கள் அச்சாகிக் கட்டுக்கட்டாகக் கிடந்தன. போன முதல்வர் கருணாநிதியின் பாட்டு அவற்றில் இருந்தது. வந்த முதல்வர் ஜெயலலிதா புத்தகமே வேண்டாம் என்றார். ஒருவருக்குத் தன் பெயர் பிள்ளைகள் வாயில் புழங்க வேண்டும், மற்றவருக்கு அது புழங்கக் கூடாது. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் குட்டு வைக்கும்வரை பிள்ளைகள் புத்தகமில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். பிறகு வந்த புத்தகங்களில் வேண்டாத பக்கங்களின் மேல் காகிதம் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டிப் பார்த்த பிள்ளைகள் இன்று வாக்காளர்கள். குடிமையியல் பாடம் நன்றாகவே ஏறியிருக்கும்.

கரூருக்கு வந்தால் நக்கல் வரவில்லை. 2025 செப்டம்பர் 27. நடிகர் விஜய் தன் கட்சியின் பிரசாரத்துக்கு மதியம் வருவார் என்று அறிவிப்பு. வந்தது இரவு ஏழு மணிக்கு மேல். சோறு தண்ணி இல்லாமல் வெயிலில் நின்ற கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 41 பேர் செத்தார்கள். குழந்தைகளும் செத்தார்கள். உடனே ஊரெல்லாம் ஒரே கேள்வி: பிள்ளையை எதற்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்? பிணவறை வாசலில் நின்ற தாயிடம் கேட்கத் துணிந்த இந்தக் கேள்வியை, மழலை கொடி பிடித்தால் வீடியோ எடுத்துப் பெருமையாகப் பரப்பும் கட்சிக்காரர்களிடம் கேட்க ஏன் வாய் வரவில்லை? ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, புதுக்கட்சி என்று வித்தியாசமே இல்லை. பிள்ளைக்குப் பெயர் வைக்கவும் முத்தம் கொடுக்கவும் எல்லாரும் முன்னால் நிற்கிறார்கள். பிள்ளை மிதிபட்டால் அது சதி, அல்லது பெற்றோரின் அலட்சியம்.

ஊரப்பாக்கத்துப் பெற்றோர்களே, பிரசார வேன் உங்கள் தெருவுக்கு வந்து, வேட்பாளர் உங்கள் பிள்ளையை நோக்கிக் கையை நீட்டினால் சிரித்துக்கொண்டு கொடுத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கினால் படம் எடுங்கள். தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியிலேயே எடுத்து அனுப்புங்கள். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அனுப்பிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள்.