ஒற்றியா, ஈடா?

ஆறரை மணி என்று அட்டையில் தங்க எழுத்தில் அடித்திருந்தார்கள். நம்பிப் போய் வெள்ளவத்தை மண்டபத்தில் குந்தியிருந்தேன். எட்டு மணிக்கு முதலில் ட்ரோன் வந்தது. அதன் பின்னால் மாப்பிள்ளை. காலி வீதியில் நெரிசலாம். மாப்பிள்ளை வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி.

பக்கத்திலிருந்தவர் ஓய்வுபெற்ற நொத்தாரிசு. "தம்பி, பொன்னுருக்கு தெரியும், எழுத்து தெரியும். இந்த எங்கேஜ்மென்ட் எதுக்குள்ள வருது?" என்று கேட்டார். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, மண்டபச் செலவைப் பற்றி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கேஜ் என்ற சொல்லின் வயிற்றில் இருப்பது 'கேஜ்'. பழைய பிரெஞ்சில் அது அடகுப் பொருள். ஆக, எங்கேஜ் பண்ணுவதென்றால் அடைவு வைப்பது. செட்டியார் தெருவில் மோதிரம் எடுக்கப் போகிறவர்கள் பக்கத்துக் கடைப் பலகையையும் வாசித்துவிட்டு வரலாம். 'வெடிங்' மட்டும் தப்பியதா? பழைய ஆங்கிலத்தில் 'வெட்' என்றாலும் பிணைப் பொருள்தான். கூலியைச் சொல்லும் 'வேஜ்' கூட அதே பரம்பரை. நிச்சயம், கலியாணம், பிறகு காலமெல்லாம் உழைத்துக் கொட்டுவது, எல்லாம் ஒரே அடைவுகடையில் பிறந்த சகோதரங்கள்.

'மோர்ட்கேஜ்' என்றால் செத்த அடகு என்றதும் நொத்தாரிசு நிமிர்ந்தார். அந்தக் கால இங்கிலாந்தில், அடகு வைத்த காணியின் விளைச்சல் கடனைக் கழித்தால் உயிருள்ள அடகு, கழிக்காவிட்டால் செத்தது.

"உது எங்கட ஒற்றியெல்லோ!" என்றார். சரிதான். 1707இல் ஒல்லாந்தருக்காகக் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில் ஒற்றி இருக்கிறது. கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியை அனுபவிப்பார். முதல் அசையாமல் கிடக்கும்.

"அப்ப இண்டைக்கு நடக்கிறது ஒற்றியா, ஈடா?"

ஆராய்ந்தோம். மோதிரம் பெண்ணின் விரலில் ஏறியது. எனவே பொருள் பெண்ணிடம்; மாப்பிள்ளை கடனாளி. எழுதி முடிக்கலாம் என்றிருக்க, பெண்ணும் ஒரு மோதிரத்தை எடுத்து அவருக்குப் போட்டாள். இருவரும் கடனாளி, இருவரும் அடைவுகடைக்காரர். நொத்தாரிசு தன் உத்தியோக காலத்தில் இப்படியொரு உறுதி முடித்ததில்லையாம். "பொருள் ரெண்டு பக்கமும் இருக்கு. காசு ஆரிட்டத் தம்பி?" என்றார். மண்டபக்காரரிடம். அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டார்கள் என்று ரசீதின் அடியில் போட்டிருக்கும். அனுபவிப்பது அவர், முதலும் அவருக்கே. தேசவழமையிலேயே இல்லாத ஒற்றி. மீட்கிறதென்றால் என்ன முறை என்று நொத்தாரிசு தொடங்க, நான் பட்டிஸ் தட்டைத் தேடினேன். அது ட்ரோன் போன பக்கம் போயிருந்தது.

கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர்களுக்கு முன்பெல்லாம் கலியாணத்தை அறிவிக்கச் சாந்த லூசியாள் கோவில் போதும். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சபையைக் கேட்பார்கள். செலவில்லாத, நேரத்துக்கு முடிகிற ஏற்பாடு. இந்த மண்டபங்களில் அப்படி ஒருவரும் கேட்பதில்லை. என்னிடம் கேட்கட்டும். மணமக்கள் மேல் ஒரு குறையும் இல்லை, நூறாண்டு வாழட்டும். ஒலிபெருக்கிக்காரரைப் பற்றி மூன்று ஞாயிறும் எழும்பி நின்று பேசுவேன்.