உள்ளான் பண்டிதர்

கோடியக்கரையில் பறவை பார்க்க ஆவணி உகந்த மாதமில்லை. பூநாரைக் கூட்டம் பார்க்க மார்கழி, தை வரை பொறுக்க வேண்டும். ஆள் நடமாட்டமற்ற இந்த வெயிலில்தான் நம் பண்டிதர் முக்காலியும் தொலைநோக்கியுமாக வந்து இறங்குவார்.

காரணம் உண்டு. சைபீரியாவின் தூந்திரத்தில் குஞ்சு பொரித்து முடித்த உள்ளான்கள் ஆகஸ்டிலேயே இங்கு வரத் தொடங்கிவிடும். அத்தனையும் பழுப்பு, அத்தனையும் சேற்றைக் குத்திக்கொண்டே ஓடும். வளைமூக்கு உள்ளான் அங்கே பூண்டிருந்த செங்கல் சிவப்பு பாதி வெளுத்த கோலத்தில் வருவதால் புத்தகத்தில் உள்ள எந்தப் படத்தோடும் ஒத்துப்போகாது. பண்டிதருக்கு வேண்டியது அதுதான். மயிலைக் காட்டி மயில் என்றால் யார் மதிப்பார்கள்? 1967இல் இந்தச் சரணாலயத்தை அமைத்ததே வெளிமானுக்காக. அந்த மான் பக்கத்தில் வந்து நின்றாலும் அவர் திரும்பமாட்டார்.

"சார், அது என்ன பறவை?"

இடக்கண்ணை மூடிக்கொள்வார். "கால் நிறம் பார்த்தீங்களா?"

"இல்லை சார், முட்டி வரைக்கும் சேறு."

"அதான். கொசு உள்ளான்."

எங்கிருந்து 'அதான்' வந்தது என்று நமக்கு விளங்காது. அதற்குள் கேமராத் தம்பி ஒருவர் தான் எடுத்த படத்தைப் பெரிதாக்கி நீட்டுவார். கால் மஞ்சளாக இருக்கும். கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. பண்டிதர் அசரமாட்டார். "நான் சொன்னது அதுக்குப் பின்னாடி நின்னதை. பறந்துடுச்சு."

பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் இங்கே பல்லாண்டுகளாகப் பறவைகளை வலையில் பிடித்து, அலகை அளந்து, காலில் வளையம் மாட்டி விடுகிறார்கள். கையில் இருக்கும் பறவைக்கே அவர்களுக்கு அளவுகோல் வேண்டியிருக்கிறது. நம்மவர் முந்நூறு மீட்டர் தூரத்திலிருந்து, கானலுக்கு நடுவே, அலகு அரை மில்லிமீட்டர் கூடுதல் நீளம் என்பார்.

ஒரு பண்டிதரை இன்னொரு பண்டிதர் சந்திக்கும் நாள் விசேஷமானது. மணல் உப்புக்கொத்தியில் சின்னதா பெரியதா என்று ஆரம்பிப்பார்கள். அலகு, கால், நெற்றி என்று விவாதம் முற்றும்போது பறவை இலங்கைப் பக்கம் கிளம்பியிருக்கும். அது அவர்களுக்கு இடைஞ்சல் இல்லை, சொல்லப்போனால் வசதி.

சின்ன மணல் உப்புக்கொத்தி ஓரினம் என்றிருந்ததை அறிவியலாளர்கள் அண்மையில் சைபீரியா, திபெத் என்று பாகம் பிரித்தார்கள். பண்டிதர் வீட்டு நாற்காலியில் சாய்ந்தபடியே பட்டியலில் ஒன்றைக் கூட்டிக்கொண்டார். என்றோ பார்த்த ஒன்று சைபீரியாவைச் சேர்ந்ததுதானாம். அப்போதே அவருக்குச் சந்தேகம் இருந்ததாம்.

உப்பளத்தில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரைக் கேட்டேன். "எல்லாம் உள்ளான்தான் தம்பி. வருஷா வருஷம் வருது" என்றார். பண்டிதர் முகத்தில் அப்போது தெரிந்த வேதனையை நான் எந்தப் பறவைக்காகவும் பார்த்ததில்லை.

ஆனாலும் ஆவணியில் கோடியக்கரைப் பக்கம் போனால் அவரைத் தவிர்க்காதீர்கள். தொலைநோக்கியைக் கேட்டால் தாராளமாகக் கொடுப்பார். இருபத்தைந்து கிராம்கூடத் தேறாத உடம்போடு வடகோடியிலிருந்து பறந்து வந்த ஜீவனைக் கண் நிறையப் பாருங்கள். பெயர் மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் வேதாரண்யத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸை விட்டுவிடுவீர்கள்.