கடிக்குமா சார்?

கல்யாணமாகி 18 வருஷம் கழித்து மாமனாரிடமிருந்து சீர் வந்தது: 4 வயது ராஜபாளையம் நாய். தோப்பை விற்றுவிட்டு மகனோடு அடுக்ககத்தில் தங்கப் போகிறாராம். நாய்க்கு அங்கே இடமில்லையாம். பெயர் சாது.

லேசுப்பட்ட வம்சமில்லை. 2005-ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையமும் ஒன்று. அந்த நன்றி சாதுவுக்குத் துளியும் இல்லை. எங்கள் தபால்காரர் கடிதங்களை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு ஓடத் தொடங்கினார்.

"பிறந்து 3 வாரத்துலேருந்து 14 வாரத்துக்குள்ள குட்டி எதையெல்லாம் பார்த்துப் பழகுதோ, பெரும்பாலும் அதுதான் சார் அதோட உலகம்" என்றார் கால்நடை மருத்துவர். சாது அந்த வயதில் பார்த்தவை மாமரம், காக்கை, மாமனார். ஹெல்மெட், குடை, தண்ணீர் கேன் பையன் எல்லாம் அதற்கு வேற்றுக்கிரகம்.

"வளர்ந்த நாயை ஊரோட கொஞ்ச வைக்கணும்னு நினைக்காதீங்க. பார்த்துட்டுப் பேசாம போனா போதும். அது குரைக்காத தூரத்துல நில்லுங்க. ஆள் தெரிஞ்சதும் ஒரு துண்டு ஈரல். கொட்டாவி விட்டாலோ உதட்டை நக்கினாலோ பதற்றமா இருக்கலாம், கூட்டிட்டு வந்துடுங்க."

மறுநாளிலிருந்து சட்டைப்பையில் வேகவைத்த கோழி ஈரலோடு நடக்கத் தொடங்கினேன். சாது குரைக்காத தூரம் 60 அடி. எங்கள் தெருவின் அகலம் 20 அடி. அதுகூடப் பரவாயில்லை, தள்ளி நில்லுங்கள் என்றால் நிற்கிற ஆள் தெருவில் இல்லை. "கடிக்குமா சார்?" என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டுகிறார்கள். "கடிக்கும்" என்றால், "என்னை ஒண்ணும் பண்ணாது, எனக்கு நாய்னா உயிர்" என்று இன்னும் ஓரடி நெருங்குகிறார்கள். ஈரலை இவர்களுக்குக் கொடுத்துப் பழக்கியிருக்க வேண்டும்.

நான்கு மாதத்தில் 60 அடி 15 அடியானது. தபால்காரரைப் பார்த்தால் சாது இப்போது குரைப்பதில்லை. என் சட்டைப்பையைப் பார்க்கிறது.

போன வாரம் மைத்துனர் வீட்டுக் கல்யாணம். பார்த்த உடனே சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் என் மனைவியின் சித்தப்பா மண்டப வாசலில் தெரிந்தார். எனக்குக் கொட்டாவி வந்தது. உதட்டை நாக்கால் தடவிக்கொண்டேன். மனைவி கவனித்துவிட்டாள். வாயைத் திறக்காமல் என்னைத் தூணுக்குப் பின்னால் நகர்த்தி, கையில் ஒரு துண்டு மைசூர்பாகு வைத்தாள்.

சித்தப்பா எங்களைக் கடந்து போனார். நான் குரைக்கவில்லை.