மருமகனே, கரண்டை விசாரித்து வாங்கு

இரு மருமகனே, எழும்பாதே. பெட்டியைப் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன். கலேவெல டவுன் முழுக்க உன் பேச்சுத்தான். மாத்தளைப் பக்கத்து எஸ்டேட் பங்களாவிலிருந்து லொறியில் நீ இறக்கியதை மையப்பெட்டி என்று நினைத்து எதிர்வீட்டு மாமி அழவே தொடங்கிவிட்டாளாம். திறந்து பார்த்தால் ரேடியோகிராம்! நல்ல காரியம். பெரிய வெங்காயம் போட்டவனெல்லாம் விலை விழுந்து தலையில் கை வைத்திருக்கிறான். பாட்டுப் பெட்டியில் காசைப் போடவும் ஊருக்கு ஒரு ஆள் வேண்டாமா?

எனக்கு இதெல்லாம் என்ன தெரியும். சின்ன வயதில் கல்யாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவருக்குப் பின்னால் வயர் சுருளைத் தூக்கிக்கொண்டு திரிந்த பட்டிக்காட்டான். ஆனாலும் வந்த இடத்தில் நாலு புத்தி சொல்லாமல் போனால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

முதல் வேலையாகப் பிளக்கைச் சொருகு. யோசிக்காதே. எத்தனையோ வருஷம் கிடந்த வால்வு செட்டுக்குள் மெழுகுக் காகிதக் கண்டன்சரெல்லாம் கசிந்திருக்கும். திடீரென்று 230 வோல்ட் பாய்ந்தால் ட்ரான்ஸ்போமர் புகைகிற வாசம் தம்புள்ள வரைக்கும் போகும், வீட்டு நுளம்பும் கூடவே போகும். ரேடியோ பாஸிடம் கொடுத்து, கண்டன்சரை மாற்றி, கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்ப்பதெல்லாம் பொறுமைசாலி செய்கிற வேலை. நீ இந்தக் காலத்துப் பிள்ளை.

அமெரிக்காவிலிருந்து இன்னொன்று வருகிறதாமே? 110 வோல்ட் பெட்டி, அதற்கு ட்ரான்ஸ்போமரும் வாங்கிவிட்டாயாம். கெட்டிக்காரன். வோல்ட்டை அது இறக்கிவிடும், சைக்கிளை யார் ஏற்றுவது? அவர்கள் கரண்ட் 60 சைக்கிள், நம்முடையது 50. கரண்டின் சைக்கிளைப் பார்த்து ஓடுகிற மோட்டார் உள்ளே இருந்தால், நிமிஷத்துக்கு 78 சுற்ற வேண்டிய தட்டு 65தான் சுற்றும். கே. பி. சுந்தராம்பாள் ரெக்கோட்டைப் போடு, தடிமன் பிடித்த பாகவதர் மாதிரி கேட்கும். இங்கிலாந்துப் பெட்டியில் அந்தக் கரைச்சல் இல்லை, வெள்ளைக்காரன் தன் ஊர் 50 சைக்கிளைத்தான் நமக்கும் விட்டுப் போனான். ஆனால் பழைய பிக்கப் சிலவற்றுக்குள் ரோஷெல் உப்புப் பளிங்கு இருக்கும், ஈரத்திலும் வெக்கையிலும் அது செத்துவிடும். நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லையே.

மூலையில் மினுங்குகிற அந்தப் பித்தளைப் புனல் யார் தலையில் கட்டியது? நாய்ப் படம் வேறு ஒட்டியிருக்கிறது. இந்தியாவில் பட்டறை வைத்து இப்படிப் புதுப் பெட்டி, புதுப் புனல் செய்து, உள்ளே ஏதாவது பழைய கைப்பெட்டி மோட்டாரைப் பூட்டி அனுப்புகிறார்கள். உன் கல்யாண மோதிரத்துக்குத்தான் வயது கூட. கோபப்படாதே. அந்த நாயை வரைந்த பிரான்சிஸ் பரோட் முதலில் அதன் முன்னால் எடிசனின் உருளைப் பெட்டியைத்தான் வைத்திருந்தார். 1899இல் கிராமபோன் கம்பெனி, எங்கள் பெட்டியை வைத்தால் படத்தை வாங்குகிறோம் என்றது. மனுஷன் மேலேயே வேறு பெட்டியைத் தீட்டிக் கொடுத்தார். நாய்க்கே பெட்டியை மாற்றின வியாபாரத்தில் உனக்கு மாற்றுவது பெரிய காரியமா?

ரெக்கோட் அலுமாரி அழகுதான். தேக்கா? மரத்தைத் தட்டிப் பார்க்காதே, உள்ளே கறையான் நித்திரை குழம்பும். பத்து அங்குல 78 ஒன்று 200 கிராம் பக்கம் வரும். முந்நூறு அடுக்கினால் 60 கிலோ, சீமெந்து மூட்டையை விடப் பாரம். தட்டின் பலகை நடுவில் தொய்யும், பரவாயில்லை, கீழ்த் தட்டு தாங்கிக்கொள்ளும். நிறுத்தி வைக்கச் சொல்வார்கள், நீ படுக்கப் போட்டு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கு. தகரக் கூரைக்குக் கீழே, ஜன்னல் வெயில் படுகிற இடமாகப் பார்த்து வை. நெளிந்த ரெக்கோட்டில் ஊசி ஏறி இறங்கும்போது பாட்டோடு ஆட்டமும் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். அலுமாரிக்குப் பொலிஷ் அடிக்க வருகிற பாஸ் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் பூசுவார். பழைய 78உம் அதே அரக்குத்தான், மரத்தில் ஒட்டி வாழ்கிற பூச்சி கக்கினது. மிஞ்சின ஸ்பிரிட்டில் துணியை நனைத்து ரெக்கோட்டையும் துடைத்தாயென்றால் பாட்டு முழுக்கத் துணியோடு வந்துவிடும்.

சரி, இந்த ரெக்கோட் கட்டுக்குள் என்ன? ஹனிபா இருக்கிறார், வைத்துக்கொள். இந்த மூன்றும் என்ன பார்லபோன் லேபிள், பீட்டில்ஸா? நாலு வெள்ளைக்காரப் பொடியன்கள். பல நாடுகளில் 78 அடிப்பதை நிறுத்தின பிறகும் கல்கத்தா டம்டம்மில் இவர்களை அரக்கில் அடித்துக்கொண்டிருந்தார்கள். லண்டனில் சில பைத்தியக்காரர்கள் இதைப் பவுணை நீட்டித் தேடுகிறார்களாம், நீ அதையெல்லாம் காதில் போடாதே. உனக்கும் எனக்கும் விளங்காத பாட்டு, அலுமாரிக்கும் பாரம். நூறு ரூபாய் தருகிறேன், மூன்றையும் நானே கொண்டுபோய்த் தொலைத்துவிடுகிறேன். உறை இருந்தால் எடு மருமகனே, வாசலில் நிற்கிற த்ரீவீலில் மீட்டர் ஓடுகிறது.